வராண்டாவில் உட்கார்ந்து கேட்கிற வேலை

வணக்கம். மேடைக்கு வரும் வழியில் இரண்டு மாணவிகள் என்னை நிறுத்தினார்கள். இனப்பாகுபாடு உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் உளவியல் வேலைகளுக்கு அமெரிக்காவில் விண்ணப்பிக்கப் போகிறார்களாம். "புள்ளியியல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் சார்?" என்று கேட்டார்கள். புள்ளியியல் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விவசாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1978, வட கரோலினா. ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர், சமூக உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கறுப்பின மக்களிடம் ஏன் இவ்வளவு ரத்தக்கொதிப்பு என்பது அவருடைய கேள்வி. 1907-இல் பிறந்த ஒரு விவசாயியைப் பார்க்கப் போனார். பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, மீதி கடனுக்கு என்ற வாழ்க்கை. அதிலிருந்து வெளியேறியே தீருவேன் என்று 75 ஏக்கர் வாங்கினார். 40 வருடத்தில் அடைக்க வேண்டிய கடனை இரவு பகலாக உழைத்து 5 வருடத்தில் அடைத்தார். ஐம்பது வயதுகளின் கடைசியில் ரத்தக்கொதிப்பு, மூட்டுவாதம், இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுக்கவேண்டிய அளவுக்குப் புண்.

அவர் பெயர் ஜான் மார்ட்டின் என்றுதான் ஜேம்ஸ் நினைத்திருந்தார். வராண்டாவில் பேச்சு நீண்டது. மனைவி வெளியே வந்து, "ஜான் ஹென்றி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார். ஜேம்ஸ் சிலிர்த்துப்போனார். நீராவி எந்திரத்தோடு போட்டிபோட்டுச் சம்மட்டியால் பாறையைத் துளைத்து, ஜெயித்து, சம்மட்டியைப் பிடித்தபடியே செத்துவிழுந்த கறுப்பினத் தொழிலாளியின் பெயர் அது. அமெரிக்க நாட்டார் வழக்கில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த மதியத்திலிருந்து 'ஜான் ஹென்றியிசம்', அதாவது தடைகளை எதிர்த்து நின்று விடாமல் உழைக்கும் உறுதி, என்ற கருத்தும் அதை அளக்க 12 கேள்விகளும் பிறந்தன. கையில் வசதி இல்லாத கறுப்பின மக்களில், எதிர்த்து நின்று உழைக்கும் உறுதி கூடக்கூட ரத்த அழுத்தமும் கூடியதை அவருடைய ஆய்வுகள் காட்டின. பின்னால் மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் எல்லா இடத்திலும் அப்படியே வரவில்லை. ஆனாலும் கேள்வி சாகவில்லை. பாடுபட்டால் மேலே வரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்த உழைப்புக்கு உடம்பு தனியாக வட்டி கட்டுகிறதா?

அப்புறம் டெட்ராய்ட், 1995. சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸும் அவரோடு இருந்தவர்களும் ஒன்பது கேள்விகள் வைத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையை உங்களுக்குக் கொடுப்பதில்லையா? கடையில், ஓட்டலில் உங்களைச் சரியாகக் கவனிப்பதில்லையா? உங்களைப் பார்த்துப் பயப்படுவதுபோல் நடந்துகொள்கிறார்களா? ஏறக்குறைய தினமுமா, வாரம் ஒரு முறையா, வருடத்தில் சில தடவையா? இந்தக் கேள்விகளில் இனம் என்ற சொல்லே வராது. எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், "இதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?" என்று வரும். இந்த வரிசையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நடந்ததை முதலில் சொல்ல விடுகிறார்கள். காரணத்தை ஆய்வாளர் அவர்கள் வாயில் திணிப்பதில்லை. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டது தோலின் நிறத்துக்காகவா, வேறு எதற்காகவா என்பது பல நேரம் அனுபவித்தவருக்கே தெரியாது. இரவெல்லாம் அதையே மனம் உருட்டிக்கொண்டிருக்கும். 24 மணி நேரமும் கையில் கருவியைக் கட்டி அளந்து பார்த்தால், இந்த அனுபவம் அதிகமுள்ள பலருக்குத் தூக்கத்தில் இறங்கவேண்டிய ரத்த அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் ஜாக்சன் 1979-80-இல் நாடு முழுக்க 2,107 கறுப்பின மக்களைப் பேட்டி எடுக்கவைத்தார். போன பேட்டியாளர்கள் அனைவருமே பயிற்சி பெற்ற கறுப்பினத்தவர். வெள்ளைக்காரர் எதிரில் உட்கார்ந்தால் பதில் மாறும் என்பது அவருக்குத் தெரியும்.

சரி, நீங்கள் சேரும் வேலை எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஆய்வு உதவியாளர் பதவி. போனில் ஆள் திரட்டுவது, ஒப்புதல் படிவம் விளக்குவது, சோதனைக்கு எச்சிலை எடுத்து உறைபெட்டியில் வைப்பது, பேட்டிப் பதிவுகளை எழுதி வகைப்படுத்துவது. அவமானக் கதைகளை நாள் முழுக்கக் கேட்டால் கேட்பவருக்கும் வலிக்கும். அந்த அனுபவம் சொந்தமாகவே உள்ளவருக்கு இன்னும் வலிக்கும். அதைப் பேச இடம் தருகிற ஆய்வுக்கூடமா என்று நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பதவிகள் மானியத்தில் தொங்குபவை. 2025-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இந்தத் துறை சார்ந்த பல மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. பாதி அளந்தவர்களை மீண்டும் அளக்காவிட்டால், அவர்கள் நம்பிச் சொன்னதெல்லாம் வீண். எனக்கு அதில் ஆத்திரம் உண்டு. சம்பளம் எந்த மானியத்திலிருந்து, எத்தனை வருடத்துக்கு என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைக்க வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. அளந்து முடித்துப் பட்டையைக் கழற்றும்போதுதான் பலர், "அன்றைக்கு ஒன்று நடந்தது" என்று ஆரம்பிப்பார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. அப்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.