நாயின் மூக்கும் ஓநாயின் மூக்கும்

அனைவருக்கும் வணக்கம். மோப்பம் என்றதும் நமக்கு நாய்தான் ஞாபகம் வரும். ஓநாயைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி, அதன் மூக்கை மனிதன் கூர்மையாக்கிவிட்டான் என்றே பலரும் நம்புகிறோம். எலும்பு வேறு விதமாகச் சொல்கிறது.

மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடை எலும்பு என்று ஒன்று இருக்கிறது. இடியாப்ப அச்சின் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசனையை உணரும் நரம்பு இழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூளைக்குள் போகின்றன. மூக்கின் சதை மக்கிப் போனாலும் மண்டையோட்டில் இந்தத் தட்டு மிஞ்சும், அளந்து பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா பேர்டும் குழுவினரும் அப்படி அளந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். உடலளவோடு ஒப்பிட்டால் நாயின் தட்டு, ஓநாயினுடையதைவிடவும் கொயோட்டி என்ற வட அமெரிக்கக் காட்டு நாயினத்தினுடையதைவிடவும் சிறியது. சரி, மோப்பத்துக்கென்றே வளர்த்த இனங்களுக்காவது பெரிதாக இருக்க வேண்டுமே? அவற்றுக்கும் மற்ற நாய்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

நாய்க்கு வாசனை அறிய மூக்கு ஒன்றுதான் என்றும் இல்லை. மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒரு சின்ன மேடு தெரியும். அங்குள்ள துளை, மற்ற விலங்குகள் விட்டுச்செல்லும் வாசனைச் சேதியை உணரும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வழிவிடுகிறது. மின்கம்பத்தடியில் இன்னொரு நாயின் மூத்திரத்தை நக்கிவிட்டு, ஆண் நாய் தாடையைப் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சில நேரம் வாயோரம் நுரைகூடத் தள்ளும். வலிப்போ என்று பயப்படவே வேண்டாம், அது சேதி படிக்கிறது.

ஸ்பெயினின் சாண்டியாகோ தே கொம்போஸ்தெலா பல்கலைக்கழகத்தார் செந்நரியின் மூளையை ஆராய்ந்தார்கள். அந்த உறுப்பின் சேதியை வாங்கும் பகுதி, நாயைவிட நரிக்கு நன்றாக வளர்ந்திருந்தது. வீட்டு வாழ்க்கைதான் நாயிடம் அதைச் சுருக்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. அடுத்த கூட்டத்தின் எல்லை எது, துணை எங்கே என்று காட்டு விலங்கு தப்பாகப் படித்தால் உயிருக்கே ஆபத்து. நாய்க்குச் சோறு நாம் வைக்கிறோம். ஜோடியையும் பல நேரம் நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

அப்புறம் ஏன் காவல்துறை நாயை வைத்திருக்கிறது என்று கேட்கலாம். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பச்சை வான்கோழி இறைச்சியை ஒளித்துவைத்து, படிப்படியாகக் கடினமாக்கினார்கள். கடைசிப் படியில், குருட்டாம்போக்கைத் தாண்டிக் கண்டுபிடித்தவை மோப்ப இன நாய்களும் மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களும் மட்டுமே. மீண்டும் சோதித்தபோது ஓநாய்கள் இன்னும் தேறின. எலும்பில் வித்தியாசம் காட்டாத மோப்ப இனங்கள் இங்கே மற்ற நாய்களை முந்திவிட்டதைக் கவனியுங்கள். நாம் அவற்றில் வளர்த்தது தேடும் ஆசையையும் நம்மோடு சேர்ந்து உழைக்கும் மனத்தையும்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை விமான நிலையத்தில் மோப்ப நாயைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வரிசையாக இருக்கும் பெட்டிகளை முகர்ந்துகொண்டே வரும். ஒன்றின் அருகே மூச்சின் வேகம் மாறும். குரைக்காது, பிறாண்டாது. அப்படியே உட்கார்ந்து, தன்னைக் கூட்டிவரும் ஹேண்ட்லரின் முகத்தைப் பார்க்கும். அவர் பையில் அதற்கான பந்து இருக்கிறது.