பழைய ரோஜா பாலிஹவுஸ் 64 வாடகைப் பாத்தியா மாறின கதை: ஷீட் கடைசியிலதான்!

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஓசூர் கிட்ட பாகலூர் பக்கம் எங்க தோட்டத்துல இருந்து பேசுறேன். பின்னாடி வளைவு வளைவா பைப்பு தெரியுதுல்ல, அதுதான் எங்க அப்பாவோட ரோஜா பாலிஹவுஸ், அதாவது பைப்பு மேல பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி உள்ள பயிர் வைக்கிற கூடாரம். 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். 4000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்.

பாத்தி வாடகைக்கு விடுறோம்னு போன வீடியோவுல ஒரு வரிதான் சொன்னேன். அதுக்கப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "எங்க கிட்டயும் ஒரு பாலிஹவுஸ் சும்மா நிக்குது, புது ஷீட் போட்டா போதுமா?" போதாதுங்க. முதல் வேலையா ஷீட் போட்டுடாதீங்க. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

முதல்ல இது ஏன் சும்மா நின்னுச்சுன்னு சொல்லிடுறேன். ஓசூர் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ராத்திரி குளிர்றதால ரோஜாவுக்கு நீளமான காம்பும் நல்ல மொட்டும் வரும். அப்பா போட்டது தாஜ்மஹால், அந்த அடர் சிவப்பு ரகம். பிப்ரவரி 14க்கு முன்னாடி ரெண்டு வாரம் எங்க வீட்ல யாரும் சரியா தூங்க மாட்டோம். 2020லயும் அந்த சீசன் முடிஞ்சுது, அடுத்து சித்திரை வைகாசி முகூர்த்தம்னு காத்திருந்தோம். மார்ச் 25 ஊரடங்கு வந்துடுச்சு. கல்யாணம் இல்ல, மார்க்கெட் இல்ல, வண்டி இல்ல. பூ மட்டும் தினமும் வந்துக்கிட்டே இருந்துச்சு. வெட்டாம விட்டா செடி போயிடும். அதனால கூலி குடுத்து வெட்டி, அதோ அந்த வேலி ஓரத்துல குழி தோண்டிக் கொட்டினோம். அப்பா அதுக்கப்புறம் உள்ள வர்றதையே விட்டுட்டாரு. 2022 கோடையில ஒரு காத்துமழை அடிச்சு முக்கால்வாசி ஷீட்டைக் கிழிச்சுட்டுப் போயிடுச்சு. பைப்பை எடைக்குக் கேட்டு ஆள் வந்தாங்க. அன்னைக்குதான் நான் வேண்டாம்னு சொன்னேன்.

சரி, மண்ணுக்கு வருவோம். கேமராவை கீழ காட்டுறேன், இங்க பாருங்க. இந்த மூலையில ஷீட் கிழியாம தப்பிச்சுது. நான் முதல் தடவை உள்ள வந்தப்ப இந்த இடத்துல மண்ணு மேல வெள்ளையா பூத்திருந்துச்சு. சுண்ணாம்பு தூவின மாதிரி. அதெல்லாம் உப்பு. பாலிஹவுஸ்ல வருஷக்கணக்கா சொட்டுநீர்ல உரத்தைக் கலந்து விடுறோம். செடி எடுத்தது போக மீதி மண்ணுலயே நிக்கும். வெளி நிலத்துல மழை பெஞ்சு அதைக் கீழ அடிச்சுட்டுப் போயிடும். உள்ள மழையே பெய்யாதே! அதனால அது மேல மேல சேர்ந்துக்கிட்டே போகும்.

மண் பரிசோதனைக்குக் குடுத்தேன், ரெண்டு இடத்துல இருந்து தனித்தனியா. ஷீட் இருந்த மூலையில ஈசி, அதாவது உப்பு அளவு, 3.4. ஷீட் கிழிஞ்ச இடத்துல 0.8. ஒரே ஆள் ஒரே உரம் போட்ட ஒரே மண்ணு. நடுவுல நனைஞ்ச மழைதான் வித்தியாசம். கூரை போச்சேன்னு நாங்க அழுத அந்த ரெண்டு வருஷமும் அது மண்ணைக் கழுவிக்கிட்டு இருந்திருக்கு. அந்த ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு நான் ரொம்ப நேரம் இங்கயே உக்காந்திருந்தேன்.

அதனால மிச்சம் இருந்த ஷீட்டையும் நானே கழட்டிட்டேன். 2024ல புரட்டாசி, ஐப்பசி மழை முழுசும் இறங்கட்டும்னு விட்டோம். உங்க பாலிஹவுஸ் இன்னும் மூடியே இருந்தா தயவுசெஞ்சு ஒரு மழைக்காலம் திறந்து விடுங்க. தண்ணி வடியறதுக்கு வாய்க்கால் வெட்டி விடுங்க, இல்லன்னா உப்பு அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும்.

அடுத்தது நூற்புழு. சோதிச்சுப் பார்க்கலாம்னு 20 தக்காளி நட்டேன். மேல பார்த்தா செடி வாடி வாடி நிக்குது, தண்ணி விட்டாலும் தேறல. பிடுங்கினா வேர் பூரா முடிச்சு, மணி கோத்த மாதிரி. வேர்முடிச்சு நூற்புழுங்க. கண்ணுக்குத் தெரியாது. ஒரே பயிரை வருஷக்கணக்கா வச்ச பாலிஹவுஸ்ல இது இல்லாம இருக்கிறது அபூர்வம். தக்காளி, கத்திரி, வெண்டை, பாத்தி எடுக்குறவங்க முதல்ல கேக்குற எல்லாத்தையும் இது பிடிக்கும். இந்த மண்ணைப் பிரிச்சு 64 குடும்பத்துக்கிட்ட காசு வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

என்ன பண்ணோம்னா, 2025 ஏப்ரல், மே ரெண்டு மாசமும் மண்ணை நல்லா நனைச்சு, மெல்லிசான ஷீட்டைத் தரையோட ஒட்டி விரிச்சு, ஓரத்துல மண் அணைச்சு ஆறு வாரம் வெயில்ல வேக விட்டோம். கண்ணாடி மாதிரி தெளிவான ஷீட்டா இருக்கணும், கறுப்பு வேண்டாம். வெயில் உள்ள இறங்கினாதான் மண் வேகும். அதுக்கப்புறம் வேப்பம் புண்ணாக்கு, மக்கின தொழுவுரம், டிரைக்கோடெர்மாங்கிற நன்மை செய்யுற பூஞ்சை. பிறகு எல்லாப் பாத்தியிலயும் செண்டுமல்லி. அது அழகுக்கு வச்சதில்ல, அதோட வேர்ல இருந்து வர்ற ஒரு பொருள் நூற்புழுவை அடக்கும். இதனால நூற்புழு அடியோட ஒழிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். குறைஞ்சிருக்கு. இப்பவும் ஒரு பயிர் முடிஞ்சா வேரைப் பிடுங்கிப் பார்த்துட்டுதான் அடுத்த நடவு.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான், ஆடி மாசக் காத்து தணிஞ்சதும், ஷீட் போட்டோம். பாலிஹவுஸ்ல பாதிக்கு மட்டும். ஷீட்டை எடைக்குதான் விப்பாங்க, அதனால கணக்கு தெரிஞ்சுக்கோங்க. 200 மைக்ரான் ஷீட் ஒரு கிலோவுக்கு அஞ்சரை சதுர மீட்டர் கிட்ட வரும். தரை அளவை வச்சு வாங்கிடாதீங்க, வளைவு, பக்கச்சுவர், மடிப்பு எல்லாம் சேர்ந்தா கூட மூணுல ஒரு பங்கு இழுக்கும். எங்களுக்கு 480 கிலோ ஆச்சு. ஷீட்டைப் பிடிச்சு நிறுத்துற அலுமினிய பட்டையும் ஸ்ப்ரிங்கும் பழசே பாதி தேறுச்சு. வெயில்ல ஷீட்டோட ஆயுசு மூணு நாலு வருஷம்தான், அதனால வாடகையில ஒரு பங்கை இப்பவே அதுக்குன்னு ஒதுக்குறேன்.

இன்னொண்ணு, கூரைத் தண்ணியை விட்டுடாதீங்க. ரெண்டு வளைவு சேர்ற இடத்துல ஓடுற காவாயைக் கொண்டு போய் குட்டையில விட்டிருக்கோம். 2000 சதுர மீட்டர் கூரையில 20 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 40,000 லிட்டர். உப்பே இல்லாத தண்ணி. எங்க போர் தண்ணி உப்பு, அதனால ரெண்டையும் கலந்துதான் சொட்டுநீர்ல விடுறேன்.

இப்போ பாத்தி. பழைய ரோஜாப் பாத்தியே ஒரு மீட்டர் அகலம். அதை 10 மீட்டர் 10 மீட்டரா வெட்டி 64 பாத்தி. மாசம் 500 ரூபா, தண்ணி, நாத்து, எரு சேர்த்து. பாத்திக்கு ஒரு வால்வு. சிப்காட்ல வேலை பாக்குறவங்க, அபார்ட்மென்ட் குடும்பங்க, ரிட்டையர் ஆனவங்க எல்லாம் வர்றாங்க. நம்ம ஊர்ல தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் பேசுவாங்கல்ல, ஒரே கீரையை ஒருத்தர் தண்டுக்கீரைம்பாங்க, பக்கத்துப் பாத்தி தண்டின சொப்பும்பாங்க, எதிர்ப்பாத்தி அக்கா தோட்டகூரம்பாங்க. விதை டப்பாவுல மூணு பெயரையும் எழுதி ஒட்டியிருக்கோம்.

ஆனா பாத்தியைப் பிரிக்கலாம், காத்தைப் பிரிக்க முடியாதுங்க. இது ஒரே அறை. திறந்தவெளி நிலத்துல ஒருத்தர் பாத்தியில வெள்ளை ஈ வந்தா பக்கத்துக்குப் போக நாளாகும், இங்க ஒரு வாரம் போதும். அதனால ரெண்டு விஷயத்துல நான் கறாரா இருக்கேன். வெளியில இருந்து நாத்து எடுத்துட்டு வரக்கூடாது, இங்க குழித்தட்டுல வளர்த்ததைத்தான் நடணும். அதே மாதிரி யாரும் தனியா மருந்து அடிக்கக்கூடாது. பக்கத்துப் பாத்தியில ஒரு குழந்தை கொத்தமல்லி பறிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு அண்ணா மஞ்சள் சட்டை போட்டு வருவாரு, வெள்ளை ஈ மஞ்சளுக்கு ஓடி வரும்னு சொன்னதுல இருந்து மாத்திட்டாரு. ஜெர்மனியில இந்த மாதிரி வாடகைத் தோட்டத்துக்கு 1983ல இருந்து தனிச் சட்டமே இருக்கு. குறைஞ்சது மூணுல ஒரு பங்கு இடத்துல காய்கனி வளர்த்தே ஆகணும். எனக்கு அது பிடிச்சுது. இங்கயும் அலங்காரச் செடி கேக்குறவங்ககிட்ட அதைத்தான் சொல்றேன்.

பூச்சி வலை போட்டிருக்கோம்ல, அதனால தேனீயும் வராது. இது எனக்கு முதல்ல உறைக்கல. தக்காளி பரவால்ல, காலையில பத்து மணி வாக்குல கட்டின கயித்தைத் தட்டி விட்டா போதும், மகரந்தம் கொட்டிக் காய் பிடிச்சுடும். ஒரு பாட்டி பீர்க்கங்காய் போட்டிருந்தாங்க. பிஞ்சு பிஞ்சா மஞ்சளாகி விழுது. "என் கை ராசியில்லம்மா"ன்னு அழுதுட்டாங்க. ராசி இல்ல பாட்டி, தேனீ இல்ல. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். பாட்டி காலையில வந்துட்டுப் போயிடுவாங்க. கொத்தா வர்றது ஆண் பூ, தனியா, பின்னாடி குட்டிக் காயோட வர்றது பெண் பூ. ஆண் பூவைப் பறிச்சு பெண் பூவுல மெதுவா தொட்டு எடுக்கணும், அவ்வளவுதான். இப்போ சாயங்காலம் வர்றவங்க யாரா இருந்தாலும் பாட்டி பாத்திக்கும் சேர்த்துத் தொட்டுட்டுப் போறாங்க. போன வாரம் பாட்டி ஒரு பை நிறைய காய் கொண்டு வந்து எல்லாப் பாத்தி ஓரத்துலயும் ஒவ்வொண்ணு வச்சுட்டுப் போனாங்க.

அதோ, கடைசிப் பாத்தியில குனிஞ்சுக்கிட்டு இருக்காருல்ல, அது அப்பா. 64ல ஒண்ணு அவரு எடுத்துக்கிட்டாரு. நான் சும்மா தர்றேன்னேன். ஒத்துக்கல, மாசாமாசம் 500 ரூபா வச்சுடுறாரு. ரோஜா வைக்கல, முள்ளங்கிதான் போட்டிருக்காரு.

மணி அஞ்சரை ஆகுது, பூ விரிய ஆரம்பிச்சுடுச்சு. இன்னைக்கு என் முறை, நான் போய்த் தொடணும். உங்க பாலிஹவுஸ் எத்தனை வருஷமா மூடிக் கிடக்கு, கடைசியா என்ன பயிர் இருந்துச்சுன்னு எழுதுங்க. அதை வச்சு அடுத்த வீடியோவுல மண் மாதிரி எப்படி எடுக்குறதுன்னு காட்டுறேன். வர்றேன் மக்களே.