முதல் பேஸில் இரண்டாவது ஆள் யார்?

வணக்கம் நேயர்களே. பேஸ்பால் உலகத் தொடர் முடிந்து மைதானத்தைப் பூட்டிய பிறகு, அடுத்த சீசனுக்கான முகாம் பிப்ரவரியில்தான் தொடங்கும். இடையில் பந்து உருளாது. ஆனால் ரசிகனுக்குக் கோபமும் ஆசையும் உச்சத்துக்குப் போவது இந்த மாதங்களில்தான். யாரை வாங்கினார்கள், யாரை விட்டார்கள், யாருக்கு எத்தனை கோடி என்று ஓயாத கணக்கு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 2024-25 குளிர்கால முடிவுகளைப் பற்றி, அந்த அணியின் ரசிகனாகவே, இன்று பேசுகிறேன். பெரிய விஷயங்களில் அணி சரியாகவே நடந்துகொண்டது. கோட்டை விட்டது ஒரு சின்ன விஷயத்தில்: முதல் பேஸுக்கு ஒரு மாற்று ஆளைப் பழக்கி வைக்காததில். அந்தச் சின்ன விஷயம்தான் அணியின் மிகப் பெரிய ஆட்டக்காரரை வெளியே கொண்டுபோய் விட்டது.

ஐபிஎல் ஏலம் மாதிரி இரண்டே நாளில் முடிகிற வேலை இல்லை இது. உலகத் தொடர் முடிந்த ஐந்தாம் நாளிலிருந்து ஒப்பந்தம் தீர்ந்தவர்கள் வேறு அணிக்குக் கையெழுத்துப் போடலாம். நவம்பர் நடுவில் 40 பேர் பட்டியலை இறுதி செய்ய வேண்டும். மைனர் லீகில், அதாவது கீழ்நிலை லீகில், போதிய ஆண்டுகள் ஆடிவிட்ட இளைஞரை அந்த நாற்பதுக்குள் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 தேர்வில் வேறொரு அணி 1 லட்சம் டாலர் கட்டி எடுத்துக்கொண்டு போகும். எடுத்த அணியும் அவரைச் சீசன் முழுக்க ஆட்டத்துக்கான 26 பேர் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால், வேறு அணி எதுவும் கேட்காத நிலையில், பழைய அணிக்கே திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். நவம்பர் பிற்பகுதியில் இன்னொரு கெடு: சம்பளத் தீர்ப்பாயத்துக்குப் போகும் தகுதி பெற்றவர்களை வைத்துக்கொள்கிறோமா, விடுகிறோமா என்று சொல்லியாக வேண்டும். பிறகு டிரேடுகள், அதாவது அணிகளுக்கிடையே வீரர் மாற்றம், ஜனவரியில் சம்பளப் பேச்சு, பிப்ரவரியில் முகாம்.

வீரரின் சேவைக் காலமும் இதில் முக்கியம். மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஓராண்டு சேவை. பெரும்பாலோருக்கு மூன்றாண்டு வரை சம்பளம் அணி சொல்வதுதான். அதன் பின் தீர்ப்பாயம். ஆறாண்டு முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியோடும் பேசலாம். ஒரு வீரரின் டிரேட் விலையைத் தீர்மானிப்பதில் அவருடைய திறமைக்குச் சமமான பங்கு இந்த மிச்ச ஆண்டுகளுக்கும் உண்டு.

இனி ரெட் சாக்ஸுக்கு வருவோம். 2024இல் 162 ஆட்டங்களில் 81 வெற்றி, 81 தோல்வி. குறைகள் மூன்று. முதலாவது, தொடரின் முதல் ஆட்டத்தை நம்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு ஸ்டார்ட்டிங் பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர், இல்லை. இரண்டாவது, ஃபீல்டிங் ஓட்டை. சீசன் முழுக்க நூறுக்கும் மேற்பட்ட எரர்கள். மூன்றாவதை வெளியில் பலர் கவனிக்கவில்லை. டெவர்ஸ், டுரான், ஆப்ரேயு, காசஸ், யோஷிடா எல்லோருமே இடது கை பேட்டர்கள். அடுத்து வரப்போகும் ரோமன் ஆன்டனி, மார்செலோ மேயர் இருவரும் அதே இடது கை. நடு ஆட்டத்தில் வருகிற ரிலீஃப் பிட்சர், இன்னிங்ஸ் அதற்குள் முடியாவிட்டால், குறைந்தது மூன்று பேருக்காவது பந்து போட வேண்டும் என்பது 2020 முதல் விதி. இடது கை பேட்டருக்கு இடது கை பிட்சரின் பந்து பொதுவாகக் கஷ்டம். அதற்காக இடது கை ரிலீவரைக் கொண்டுவந்தால் இடையிலுள்ள வலது கை ஆட்டக்காரர் அவரைத் தண்டிக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் பலன். வரிசையாக இடது கைகளே நின்றால் எதிரணிப் பயிற்சியாளருக்கு யோசனையே தேவையில்லை. மூன்று பேரும் அவருக்கு இலவசம்.

பிட்சர் குறைக்கு மருந்து டிசம்பர் 11ஆம் தேதி வந்தது. சிகாகோ வொயிட் சாக்ஸிடமிருந்து காரெட் குரோஷே. கொடுத்த விலை நான்கு இளைஞர்கள்: கேட்சர் கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி, சேஸ் மெய்ட்ராத், விக்கெல்மன் கொன்சாலஸ். டீல், மான்ட்கோமரி இருவரும் அணியின் முதல் சுற்றுத் தேர்வுகள். விலை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆன்டனி, மேயர், கிறிஸ்டியன் கேம்பெல் என்ற முதல் மூன்று பெயர்களையும் தொடவிடாமல் முடித்தார் பேஸ்பால் பிரிவுத் தலைவர் கிரெய்க் பிரெஸ்லோ. குரோஷே 2022இல் முழங்கை அறுவை செய்துகொண்டவர். 2024க்கு முன் மேஜர் லீகில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. அந்த ஓராண்டில் 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வீழ்த்திய பேட்டர்கள். கை தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இரண்டாண்டு உரிமை கையில் இருந்தது, 2025 சம்பளம் வெறும் 38 லட்சம் டாலர். அதே தரத்தில் ஒரு ஃப்ரீ ஏஜென்ட்டைத் தேடினால் ஆண்டுக்கு அதைப்போல் பல மடங்கு. ஏப்ரல் தொடக்கத்தில் 6 ஆண்டுக்கு 17 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 2025இல் அவர் 205 இன்னிங்ஸுக்கு மேல் போட்டு, 255 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். இரண்டிலும் அமெரிக்கன் லீகில் முதலிடம். ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன் சராசரி, 2.59. சிகாகோவில் டீலும் மெய்ட்ராத்தும் 2025இல் நன்றாகவே ஆடினார்கள், அதில் நமக்கு வருத்தம் வேண்டாம். இரு பக்கமும் லாபம் பார்த்த டிரேட் இது.

சில்லறைக் கொள்முதல்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். அரோல்டிஸ் சாப்மனுக்கு ஓராண்டு, 1 கோடியே 7½ லட்சம் டாலர். கன்ட்ரோல் இல்லாதவர் என்று பெயர் வாங்கியிருந்த மனிதர், 37 வயதில் 32 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்), 1.17 ஈ.ஆர்.ஏ. அந்தப் பணத்துக்கு இது கொள்ளை. வாக்கர் பியூலருக்கு ஓராண்டு, 2 கோடியே 10½ லட்சம். இரண்டு முறை முழங்கை அறுவை கண்டவர், 2024 சீசனில் ஈ.ஆர்.ஏ. 5.38. உலகத் தொடரின் கடைசி இன்னிங்ஸை அவர் போட்டு முடித்த காட்சிக்குத்தான் அந்த விலை என்பது என் கணிப்பு. பாஸ்டனில் 5.45. ஆகஸ்ட் கடைசியில் விடுவித்தார்கள். ஓராண்டு ஒப்பந்தத்தின் நல்ல பக்கம், தப்பு அந்த ஆண்டோடு போய்விடும்.

இப்போது அலெக்ஸ் பிரெக்மன். வலது கை, மூன்றாம் பேஸ், 2024இல் கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டர் விருது), ஹூஸ்டனில் இரண்டு உலகத் தொடர் வெற்றி. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்க மூலை, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடிதான். அங்கே 37 அடி உயரத்துக்குச் சுவர், அதுதான் கிரீன் மான்ஸ்டர். பந்தை இடப்பக்கம் தூக்கி அடிப்பதே பிரெக்மனின் வழக்கம். மற்ற மைதானத்தில் கேட்ச் ஆகிற பந்து இங்கே சுவரில் பட்டு டபிள், அதாவது இரண்டு பேஸ் அடி, ஆகும். பிப்ரவரியில் 3 ஆண்டு, 12 கோடி டாலர். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அவர் விரும்பினால் விலகலாம். தொகையில் ஒரு பகுதியைப் பின்னாளில் கொடுப்பதாக ஏற்பாடு, அதனால் ஆடம்பர வரிக் (சம்பளச் செலவு எல்லை தாண்டினால் அணி கட்டும் வரி) கணக்கில் ஆண்டுக்கு 4 கோடிக்குக் கணிசமாகக் குறைவாகவே ஏறும். வரி எல்லை 2025க்கு 24 கோடியே 10 லட்சம். 40 பேர் ஒப்பந்தங்களின் ஆண்டுச் சராசரியைக் கூட்டி அதோடு ஒப்பிடுவார்கள். அதனால்தான் அலுவலகங்கள் தள்ளிக் கொடுக்கும் தொகையை இவ்வளவு விரும்புகின்றன.

ஃபீல்டிங், வலது கை என்று இரண்டு குறைக்கும் ஒரே ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் மூன்றாம் பேஸில் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார். ராஃபேல் டெவர்ஸ், 10 ஆண்டுக்கு 31 கோடியே 35 லட்சம் டாலர் ஒப்பந்தம், அணியின் தலைசிறந்த பேட்டர். முகாமில் அவர் வெளிப்படையாகவே சொன்னார், மூன்றாம் பேஸ் என் இடம் என்று. கடைசியில் அவரை டி.எச்., அதாவது பேட் மட்டும் பிடிப்பவராக மாற்றினார்கள். ஃபீல்டிங்கை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு நூறு சரி. மூன்றாம் பேஸில் பிரெக்மன் அவரைவிட நல்லவர், இதில் வாதமே இல்லை. ஆனால் அப்போதே டெவர்ஸ் கையில் முதல் பேஸ்காரரின் பெரிய கையுறையான மிட்டையும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. க்ளவ்வை ஓரமாக வைத்துவிடச் சொன்னார்கள் என்பது டெவர்ஸ் பின்னர் சொன்ன கணக்கு.

முதல் பேஸில் டிரிஸ்டன் காசஸ் மட்டும். 2024இல் விலா எலும்புக் காயத்தால் அவர் ஆடியது 63 ஆட்டங்கள்தான். அப்போது கூப்பர், டொமினிக் ஸ்மித் என்று வெளியே ஆள் பிடித்து ஓட்டினார்கள். அனுபவம் ஓராண்டுகூடப் பழையதில்லை.

இரண்டாவது ஆள் வைப்பது ஏன் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அலுவலகத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. பட்டியலில் 26 பேர். அதில் பிட்சர்கள் 13. மிச்சம் 13. கேட்சர் இருவர், மற்ற ஃபீல்டர் எழுவர், டி.எச். ஒருவர், ஆகப் பத்து. பெஞ்சில் மூன்றே இடம். ஒன்று ஷார்ட்ஸ்டாப்பிலும் இரண்டாம் பேஸிலும் நிற்கக்கூடியவருக்கு, ஒன்று அவுட்ஃபீல்டருக்கு. மூன்றாவது இடத்தை முதல் பேஸ் மட்டும் தெரிந்தவருக்குக் கொடுத்தால் அவர் வாரத்தில் ஐந்து நாள் சும்மா உட்காருவார். ஆகவே வழி ஒன்றுதான்: ஏற்கெனவே வரிசையில் உள்ள ஒருவருக்கு, முகாமின் ஆறு வாரத்துக்குள், அந்த இடத்தைப் பழக்கிவிடுவது.

முதல் பேஸ் சுலபம், மூத்தவர்களைத் தள்ளிவிடுகிற இடம் என்று நினைப்பவர் பலர். மூன்றாம் பேஸில் பழகியவரின் உடம்பு பந்தை நோக்கிப் பாயும். முதல் பேஸில் பந்து வேறு பக்கம் போனதும் பார்க்காமலே பேஸைத் தேடி ஓட வேண்டும். முதலில் கால் பேஸின் ஓரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், எறி எந்தப் பக்கம் வருகிறதென்று பார்த்த பிறகே உடம்பை நீட்ட வேண்டும். புதியவர் முன்கூட்டியே நீட்டிவிடுவார், பந்து இரண்டடி தள்ளி வந்தால் திரும்ப முடியாது. பேஸின் நடுவில் மிதிப்பது அடுத்த தப்பு, ஓடி வருபவரின் கால் கணுக்காலில் விழும். வலப்பக்கம் தள்ளிப் போகிற கிரவுண்டரை, அதாவது தரையோடு வரும் பந்தை, துரத்துவதா, இரண்டாம் பேஸ்காரருக்கு விட்டுவிட்டுத் திரும்புவதா என்பது இன்னொரு குழப்பம். தவறாகத் துரத்தினால் பேஸில் ஆள் இருக்க மாட்டார், பிட்சர்தான் ஓடி வந்து மூட வேண்டும். இவையெல்லாம் திரும்பத் திரும்பப் பழகினால் வரும். சீசன் நடுவில், நாற்பதாயிரம் பேர் பார்க்க, பழக முடியாது.

மே 2ஆம் தேதி காசஸ் முதல் பேஸுக்கு ஓடும்போது முழங்கால் தசைநாண் அறுந்தது. சீசன் முடிந்தது. பதிலாக நின்ற ரோமி கொன்சாலஸும் சில நாளில் காயப்பட்டார். மைனர் லீக் ஒப்பந்தத்தில் இருந்த ஏப்ரஹாம் டோரோவைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் பிரெஸ்லோ டெவர்ஸிடம் போய் முதல் பேஸில் நிற்கிறாயா என்று கேட்டார். மார்ச்சில் க்ளவ்வை வாங்கி வைத்துவிட்டு மே மாதத்தில் வேறொரு க்ளவ்வை நீட்டினால் என்ன பதில் வரும்? மறுத்துவிட்டார், ஆள் பிடிப்பது அலுவலகத்தின் வேலை என்றும் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். உரிமையாளர் ஜான் ஹென்றி கேன்சஸ் சிட்டிக்கே பறந்து போய்ப் பேசிப் பார்த்தார். அதன் பிறகு இரண்டாம் பேஸ் இளைஞர் கேம்பெல்லுக்கு முதல் பேஸ் பயிற்சி. ஏப்ரலில் பிரமாதமாக அடித்துக்கொண்டிருந்தவர் ஜூனில் வூஸ்டருக்கு, மைனர் லீகுக்குத் திரும்பினார். பயிற்சிதான் அவரைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன், பிட்சர்கள் அவருடைய பலவீனத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் தடுமாறுகிற புது ஆட்டக்காரருக்கு நடுவில் புது வேலை கொடுப்பது உதவாது.

ஜூன் 15. யாங்கீஸை ஃபென்வேயில் மூன்று ஆட்டத்திலும் வீழ்த்திய ஞாயிறு. டெவர்ஸ் அன்று ஹோம் ரன்னும் அடித்தார். சில மணி நேரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸுக்கு டிரேட். வந்தவர்கள் ஜோர்டன் ஹிக்ஸ், கைல் ஹாரிசன், ஜேம்ஸ் டிப்ஸ், ஹோசே பெல்லோ. 25 கோடி டாலருக்கும் அதிகமான மிச்ச ஒப்பந்தம் ஜெயன்ட்ஸ் தலையில் போனது. பணக் கணக்கில் இதை ஆதரிப்பவர்கள் உண்டு. நான் ஆதரிக்கவில்லை. மிச்சமான தொகையை வைத்து ஜூலை இறுதி டிரேட் கெடுவில் அந்த இடத்தை நிரப்பும் பேட் எதையும் வாங்கவில்லை. டிப்ஸைக் கொடுத்து டஸ்டின் மே என்ற பிட்சரை வாங்கினார்கள், முதல் பேஸுக்கு வாஷிங்டன் விடுவித்த நேதனியல் லோவை ஆகஸ்டில் சேர்த்தார்கள். டெவர்ஸ் ஜெயன்ட்ஸில் எங்கே நின்றார் தெரியுமா? ஜூலை முதல், முதல் பேஸில்.

அணி 89 வெற்றியோடு பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டு சுற்றுக்குப் போனது. முதல் ஆட்டத்தில் குரோஷே 117 பந்து போட்டு யாங்கீஸை 3-1 என அடக்கினார். அடுத்த இரண்டும் தோல்வி. மூன்றாவதில் ஒரு ரன்கூட இல்லை.

பிரெக்மன் 2025 நவம்பரில் விலகும் உரிமையைப் பயன்படுத்தி, 2026 ஜனவரியில் 5 ஆண்டுக்கு 17½ கோடி டாலரில் சிகாகோ கப்ஸுக்குப் போனார். மூன்றாம் பேஸுக்கு மறுபடி ஆள் தேட வேண்டியதாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் விலகலாம் என்று எழுதிக்கொடுத்தபோதே, ஓராண்டில் இடம் காலியாகலாம் என்று கணக்கிட்டிருக்க வேண்டும். 2025 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடமிருந்து வில்சன் கொன்ட்ரேராஸை வாங்கியிருக்கிறார்கள். கேட்சராக இருந்து 2025இல்தான் முதல் பேஸுக்கு மாறியவர், வலது கை, வாங்கியபோது வயது 33. நல்ல கொள்முதல். அறுவை முடிந்த காசஸின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பது முகாமில் தெரியும். முகாம் நடக்கும் ஃபோர்ட் மையர்ஸிலிருந்து வரும் செய்திகளில் நான் முதலில் தேடப்போவது, கொன்ட்ரேராஸுக்கு அடுத்து அந்தப் பெரிய மிட்டை மாட்டிக்கொண்டு காலையில் கிரவுண்டர் எடுக்கிறவர் யார் என்பதை. வணக்கம்.