பொற்கொல்லர் ஆயிரம் பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழிக்குப் பழி வாங்குவது எப்போதாவது நியாயம் ஆகுமா? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. 31 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். கண்ணகியை விட்டுவிட்டு இதைப் பேச என்னால் முடியாது.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை, அதாவது கண்ணகி பாண்டியன் அவையில் நியாயம் கேட்கிற பகுதி, நடத்துகிற அன்றைக்கு வகுப்பு தானாக அடங்கிவிடும். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது, பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள். மதுரை எரியும்போது இன்னும் பலமாகத் தட்டுவார்கள். பல ஆண்டுகள் நானும் அவர்களோடு சேர்ந்து மகிழ்ந்திருக்கிறேன்.

ஆனால் அதே நூலின் முகப்பில், உரைபெறு கட்டுரை என்று ஒரு சின்ன உரைநடைப் பகுதி இருக்கிறது. பாடத்தில் அது வராது, பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். அதில் என்ன சொல்லியிருக்கிறது? கண்ணகி போன பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, பஞ்சம், நோய். கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணிய ஒரு வேள்வி செய்தான். ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று செய்த வேள்வி. அதன் பிறகு மழை பெய்தது என்கிறது நூல். பின்னால் நீர்ப்படைக் காதையிலும் இதே செய்தி வருகிறது. அங்கே ‘ஈரைஞ்ஞூற்றுவர்’ என்று எண்ணி, ஒரே பகலில் நடந்ததாகச் சொல்லியிருக்கிறது.

ஆயிரம் பேர். கோவலன் மேல் பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். ஒருவன்தான், நேயர்களே. மற்ற 999 பேரும் என்ன செய்தார்கள்? யாரோ ஒருவருடைய தாலிக்குப் பொன் உருக்கிக்கொண்டிருந்திருப்பார்கள், குழந்தைக்குக் காது குத்தக் கம்பி நீட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்கள் கண்ணகியின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கொற்கை இன்றைக்கும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் ஒரு சின்ன ஊர். பழைய வன்னிமரம் ஒன்று அங்கே உண்டு. பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிப்போனேன். எல்லாரும் முத்துக்குளித்த துறைமுகம் எங்கே, பாண்டியன் அரண்மனை எங்கே என்று கேட்டார்கள். ஒரு பெண் மட்டும், “சார், அந்த ஆயிரம் பேர் வீடும் எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அன்றிலிருந்துதான், பழிவாங்குவது என்றால் முதலில் இந்த ஆயிரம் பேர் என் நினைவுக்கு வருகிறார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது 11 வயது. எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம். எங்களுக்கும் மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கும் மடைத் தகராறு. அந்த வீட்டுக்காரர் முறைக்கு எனக்குப் பெரியப்பா. எங்கள் தண்ணீர் முறையில் இரவோடு இரவாக மடையை அவர் வயலுக்குத் திருப்பிவிட்டார் என்று தாத்தாவுக்கு ஆத்திரம். பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று. அந்த ஆண்டு பிசான அறுவடை முடிந்து, பங்குனி வெயிலில் ஒரு நாள் உச்சிப்பொழுதில், எங்கள் வைக்கோல் படப்பு எரிந்தது. ஒரு வருஷத் தீவனம். வாளி வாளியாய் ஊற்றியும் நிற்கவில்லை. சாயங்காலம் கறுப்பு வட்டமும் புகையும்தான் மிச்சம்.

யார் வைத்த தீ? பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் பதில் தெரிந்தமாதிரிதான் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு தாத்தா என்னை எழுப்பினார். “ஏலே, சத்தம் போடாம வா.” என் கையில் சீமெண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தார். பெரியவர்கள் யாராவது போனால் நாய் குரைக்கும், என்னைப் பார்த்தால் குரைக்காது, நான்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறவன். துணி அடைத்த புட்டி, கைவழியே கசிந்து முழங்கை வரைக்கும் எண்ணெய். அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. படப்பின் அடியில் ஊற்றினேன். தீக்குச்சியைத் தாத்தா கிழித்தார். ஓடிவந்து பாயில் படுத்துக்கொண்டு, சன்னல் சிவந்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு அடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சந்தோஷம்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது.

படப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டைக் கட்டியிருந்தார்கள். கன்று போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வழக்கமாகத் தொழுவத்தில் கட்டுவார்கள், அன்று புழுக்கம் என்று வெளியே கட்டியிருக்கிறார்கள். நாங்கள் பார்க்கவில்லை. மாடு எரிகிற சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. கயிறு எரிந்து அறுந்த பிறகு அது நேரே எங்கள் தெருப்பக்கம் ஓடிவந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

காலையில் ஆச்சிக்கு என் முழங்கையில் இருந்த வாடை தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. தாத்தாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “மாடா மடையத் திறந்துச்சு?”

பின்னாளில் சிலப்பதிகாரத்தை எழுத்தெண்ணிப் படித்தபோது ஓர் இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. மதுரையைக் கொளுத்தும்போது கண்ணகி தீக்கடவுளிடம் ஒரு பட்டியல் சொல்கிறாள். பார்ப்பாரை, அறவோரை, பசுக்களை, பத்தினிப் பெண்களை, முதியவரை, குழந்தைகளைத் தொடாதே, தீயவர் பக்கமே போ என்கிறாள். அப்படியே நடந்ததாகவும் காப்பியம் சொல்கிறது. கறவையும் கன்றும் தீயில் சிக்காமல் ஆயர்களின் அகலமான தெருவுக்குப் போய்ச் சேர்ந்தனவாம். கறவையும் கன்றும்! அந்த வரியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இளங்கோவடிகளின் தீக்குக் காது இருந்தது. நாங்கள் வைத்த தீக்கு இல்லை. சொன்னபடி கேட்கிற தீ காப்பியத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கண்ணகி பாண்டியனைப் பார்த்துச் சொல்லும் முதல் சொல் என்ன? ‘தேரா மன்னா’. விசாரிக்காத அரசனே என்கிறாள். கொலைகாரா என்று சொல்லவில்லை, கொடியவனே என்று சொல்லவில்லை. விசாரிக்கவில்லையே என்பதுதான் அவள் வழக்கு. அவையில் அவள் என்ன செய்தாள் என்று பாருங்கள். தன் ஊர் சொன்னாள், கணவன் பெயர் சொன்னாள், சான்றை எல்லார் முன்னாலும் உடைத்துக் காட்டினாள். யார் மேலும் கைவைக்கவில்லை. அரசன் தன் குற்றத்தை உணர்ந்து தானே விழுந்து மடிந்தான். அதுவரை நடந்ததைப் பழிவாங்கல் என்று நான் சொல்லவே மாட்டேன். நியாயம் கேட்டாள், அவ்வளவுதான். அதில் அவளுக்கு முழு உரிமை உண்டு. என் கைதட்டல் இப்போதும் அவளுக்குத்தான்.

அரண்மனைக்கு வெளியே வந்த பிறகுதான் கதை மாறுகிறது. கொற்கைக்குப் போகும்போது முழுக்க மாறிவிடுகிறது. அங்கே விசாரணையும் இல்லை, கண்ணகி சொன்னதுபோல விலக்குப் பட்டியலும் இல்லை. பொற்கொல்லனா, கொல்லு. எங்கள் தாத்தாவும் தேரா மன்னர்தான். எங்கள் படப்புக்கு யார் தீ வைத்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பீடித் துண்டாகக்கூட இருக்கலாம்.

இன்னும் ஆழமாகவும் ஒரு விஷயம் அதே நூலில் உண்டு. மதுரை எரியும்போது நகரத் தெய்வம் மதுராபதி கண்ணகிக்கு முன்னால் வர அஞ்சிப் பின்னால் வந்து நின்று ஒரு பழைய கதை சொல்கிறாள். முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் அரசனிடம் வேலை பார்த்தான். வேற்று நாட்டிலிருந்து விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, இவன் ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி தெருத்தெருவாய் அழுது திரிந்து, 14 நாள் கழித்து மலையேறிக் குதித்தாள். எனக்கு இப்படிச் செய்தவர்கள் இதே துன்பத்தை அடையட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் குதித்தாள். அந்தச் சாபம்தான் கோவலனைப் பிடித்தது.

அப்படியென்றால் கண்ணகியின் கண்ணீரே வேறொருத்தியின் பழி பலித்ததால் வந்த கண்ணீர். நீலிக்கும் கண்ணகிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் பொய்க் குற்றச்சாட்டில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். நீலிக்கு நியாயம் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், அது கண்ணகியின் தலையில்தான் இறங்கியது. கண்ணகி சங்கமனை என்ன செய்தாள்? இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும், சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பெயரில் பற்று எழுத வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிஷம். சொல்ல நினைத்ததில் பாதி அப்படியே இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒருவர், இப்போது வக்கீல், என்னிடம் கேட்டார். “சார், வழக்கு 20 வருஷம் இழுக்குது. சாட்சி பிறழ்ந்துடுறான். அப்போ பாதிக்கப்பட்டவன் என்ன செய்யணும்? சும்மா இருக்கணுமா?” நியாயமான கேள்வி. சும்மா இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கோபம் சரியான கோபம். கண்ணகிபோல வாசலில் போய் நிற்கட்டும், ஊர் கேட்கக் கேட்கட்டும், விடாமல் கேட்கட்டும். அரிவாளை எடுக்கும்போதுதான் நான் தடுக்கிறேன்.

நம் சட்டமும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. தற்காப்புக்காகத் திருப்பி அடிக்க உரிமை உண்டு, ஆனால் ஆபத்து இருக்கிறவரைதான். கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில் தன்னை மறந்து கொன்றால் கொலைக்குற்றம் ஒரு படி குறையும். வீட்டுக்குப் போய் அரிவாளைத் தீட்டிக்கொண்டு மறுநாள் வந்தால் குறையாது. எங்கள் வீட்டில் மூன்று நாள் காத்திருந்தோம், அதை நினைத்துக்கொள்கிறேன்.

வள்ளுவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம், ஒரு வாக்கியம்தான் முடியும். தண்டித்தவர்க்கு இன்பமே இல்லை என்று அவர் சொல்லவில்லை, ஒரு நாள் இன்பம் என்கிறார். எனக்கு அது சன்னல் சிவந்ததிலிருந்து மாடு கத்தும்வரை இருந்தது.

கண்ணகி கடைசியில் என்ன சொன்னாள் என்பதையாவது சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். வஞ்சியில் சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தபோது, தெய்வமாகத் தோன்றி, ‘தென்னவன் தீதிலன்’ என்கிறாள். பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். கொற்கையில் அந்த ஆயிரம் பேரைக் கொன்றது இவளுடைய சினம் தணிய வேண்டும் என்று.

ஒரு நிமிஷம் இருக்கிறது. அந்தக் கன்றைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் வீடும் அந்த வீடும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை, தாத்தா சாகும்வரை. ஆச்சி மட்டும் விடிந்ததும் எங்கள் மாட்டுப் பாலை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போவாள். திண்ணையில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் நேரே தொழுவத்துக்குப் போய், கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைப்பாள். இரண்டு நாள் அது வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஆச்சி என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். என் விரலை எடுத்துச் செம்பில் முக்கி, நீ கொடு என்றாள். கன்று முகர்ந்து பார்த்தது. பிறகு சப்பத் தொடங்கியது. நாக்கு சொரசொரவென்று இருந்தது.

வணக்கம்.