நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், உயில் எழுதுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, கும்பகோணத்துப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சொத்துச் சண்டை வராமல் இருக்க, உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லதா, உயில் எழுதி வைப்பது நல்லதா? இதுதான் இன்றைய தலைப்பு. உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட்தான் வழி என்று எதிரணித் தலைவர் அண்ணன் அழுத்தமாகப் பேசினார். பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாறிவிடும், உயில் என்றால் ஆள் போன பிறகு ஆளாளுக்கு வழக்குப் போடுவார்கள் என்றார். பட்டா மாறும், மறுக்கவில்லை. பட்டா மாறிய மறுநாள் காலையில் அந்த அப்பாவின் நிலை என்ன என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊர்க் கணக்கிலேயே பேசுவோம். ஒரு வேலி நிலம், இருபது மா. நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா அப்பா பெயரில் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்குப் பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறார். சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் கேட்கிறார்கள். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். அங்கேயும் சிட்டா, அடங்கல். விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் உதவியில் வருஷத்துக்கு வரும் 6,000 ரூபாய்கூட நிலம் யார் பெயரில் என்று பார்த்துத்தான் வருகிறது. மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் இவ்வளவும் அவர் கையைவிட்டுப் போகிறது. நாற்பது வருஷம் அந்த வயலின் வரப்பில் நின்றவர், உரம் வாங்க மகனிடம் பணம் கேட்க வேண்டும்.

மகன்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மகன் தங்கமானவன் என்றே வைத்துக்கொள்வோம். தொழிலில் நொடித்துப்போய் அவன் கடன்பட்டால்? எழுதிக் கொடுத்த நிலம் அவனுடைய சொத்து, அவன் கடனுக்கு அது ஜப்திக்குப் போகும். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது: அப்பாவுக்கு முன்னால் அந்த மகன் போய்விட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ஐப் பாருங்கள். இறந்தவனுடைய முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, தாய் உண்டு. தந்தை கிடையாது. அவர் இரண்டாம் வகுப்பு. தன் கையால் எழுதிக் கொடுத்த நிலத்தில் அவருக்கு ஒரு குழி கூடத் திரும்பி வராது. இது எத்தனை பேருக்குத் தெரிந்து பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்?

ஆயுள்கால அனுபவ உரிமையை எழுதிக்கொள்ளலாமே என்றார் எதிரணியில் இன்னொரு அண்ணன். எழுதலாம். விளைச்சலை அனுபவிக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்கு இரண்டு மாவை விற்க வேண்டி வந்தால் மகன் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது. மனம் மாறி, உடம்பு முடியாத மகளுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம் என்றாலும் முடியாது. முறையாகக் கொடுத்து முடித்த செட்டில்மெண்டை, கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது.

பிள்ளை பார்க்காவிட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய, பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் பிரிவு 23 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வேண்டிய சட்டம்தான். ஆனால் அந்த நிவாரணம் எப்படிக் கிடைக்கிறது? பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எழுதிக் கொடுத்தேன், மகன் பார்க்கவில்லை என்று கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அப்பா நிறுவ வேண்டும். எழுபத்தைந்து வயதில், பெற்ற பிள்ளைக்கு எதிராக மனு எழுதிக்கொண்டு அலுவலகப் படி ஏறுவது. சண்டையைத் தவிர்க்கும் வழி என்று எதிரணி சொன்னது இதில்தான் வந்து நிற்கிறது.

இப்போது உயிலுக்கு வருகிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்பேன். பதிந்த உயிலையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நம் டெல்டா மாவட்டங்களில் இந்து ஒருவர் எழுதிய உயிலுக்கு புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வழக்குப் போடுவார்களே? போடுவார்கள். உயிலைச் சூழ்ந்த சந்தேகங்களை அதைக் காட்டிப் பலன் கேட்கிறவர்தான் தீர்க்க வேண்டும் என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயில்கள் எங்கே அடிபடுகின்றன? சொத்தை வாங்கப்போகிற மகனே ஆள் பிடித்து, அவனே எழுதவைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைநாட்டு வாங்கும்போது. ஆகவே, நல்ல உடம்போடு இருக்கும்போதே எழுதுங்கள். சாட்சிகள் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, உயிலில் பங்கில்லாதவர்களாக இருக்கட்டும், நாளைக்கு நீதிமன்றத்தில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டும். ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி பல வழக்குகளைத் தடுக்கும்.

நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794 மார்ச்சில், உடல் நலிந்த நிலையில், இதே கும்பகோணத்தில் தன் உயிலை எழுதினார். அதே மாதம் திருவையாற்றில் காலமானார். கோயில் அறங்களுக்கென்று அவர் எழுதி வைத்த பணம் பொறுப்பேற்றவர்களிடம் சிக்கிக்கொண்டது, வழக்கு அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பல வருஷம் இழுத்தது. எதிரணி இதையே தன் பக்கம் பேசலாம். ஆனால் பாருங்கள், எழுதினவர் இல்லை, அவருடைய காகிதம் நின்று வழக்காடியது. தேங்கிக் கிடந்த பணம் மீட்கப்பட்டு, அறங்கள் போகக் கல்விக்கும் ஒதுக்கப்பட்டு, 1842-ல் அவர் பெயரில் பள்ளி தொடங்கியது. பின்னால் அது கல்லூரியானது.

எதிரணி அக்கா ஒருவர், உயில் என்பது பெண் பிள்ளைகளை ஒதுக்கும் ஆயுதம் என்றார். அந்த வார்த்தை என்னைத் தைத்தது, ஏனென்றால் அப்படி நடக்கிறது. ஆனால் அக்கா, மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதும் வீட்டில் மகளுக்குத் தகவலே போவதில்லையே. பட்டா மாறி, வீடு கட்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகை வரும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குள்ள பங்கு அப்பா கொடுக்கும் தயவு இல்லை. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் அவளுக்கு உரிமை தந்தது. மகள் பிறப்பாலேயே பங்குரிமை உள்ளவள் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அவள் பங்கை எந்த அப்பாவும் உயிலில் எழுதி எடுக்க முடியாது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியதை யாருக்கும் எழுதலாம். அதில் மகள் பெயரையும் எழுதுங்கள் என்று இந்த மேடையில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் அம்மா. பிள்ளைகளுக்குள் செட்டில்மெண்ட் போடும்போது மறந்துபோகிற ஒரே பெயர் அவர்களுடையது. உயிலில் எழுதலாம்: எனக்குப் பின் வீடும் இந்த ஐந்து மாவும் என் மனைவிக்கு, அவளுக்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு என்று. அப்படி எழுதி வைத்த வீட்டில் அம்மா மூன்று மருமகள்கள் வீட்டுக்கு மாதமுறை போட்டுக்கொண்டு பெட்டி தூக்க வேண்டியதில்லை. நடுவர் அவர்களே, அந்த அம்மாவையும் மனதில் வைத்து உயிலின் பக்கம் தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.