ஊசியும் ஒரு கட்டுரையும்

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பல்கலைக்கழக மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மழையில் நனைந்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நீட்டி முழக்க மாட்டேன். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

இரண்டு மாதத்துக்கு முன் என் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கச் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி போட்டால் ஆட்டிசம் வருமாம், ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாம். ஒன்பது மாதப் பேரனுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தார். “அந்த ஆராய்ச்சிக் கட்டுரையைப் பார்த்தீங்களா அக்கா?” என்றேன். “நீதானே படிச்சவன், நீயே பார்த்துச் சொல்” என்றார்.

சரி, பார்ப்போம். இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம் 1998இல் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டன் மருத்துவரும் வேறு 12 பேரும் எழுதிய கட்டுரை.

நாம் வழக்கமாக என்ன செய்வோம்? தலைப்பு, ஆய்வுச்சுருக்கம், அப்புறம் நேரே கடைசிப் பத்தி. நானும் அப்படித்தான் காலம் தள்ளினேன். சுருக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி. நாள், இடம், பெயர் தெரியும். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று தெரியாது. அதற்கு நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். கட்டுரையில் விசாரிக்கிற இடம் ‘ஆய்வு முறை’ என்ற பகுதி.

விசாரியுங்கள். எத்தனை பிள்ளைகள்? 12. எங்கிருந்து வந்தவர்கள்? குடல் கோளாறோடும் வளர்ச்சிக் குறைபாட்டோடும் ஒரே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்களா? இல்லை. அடுத்து ‘முடிவுகள்’. அதில் 8 பிள்ளைகளின் விஷயத்தில்தான் ஊசியைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள், அதுவும் பெற்றோர் நினைவிலிருந்து சொன்னது.

முடிவுகள் பகுதி கண்டதைச் சொல்லும். ‘விவாதம்’ ஆசிரியர் கருதுவதைச் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி வம்பு. இந்தக் கட்டுரையின் விவாதப் பகுதியிலேயே ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பை நிரூபிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்! ஆனால் வேக்ஃபீல்ட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மூன்று நோய்க்கான ஊசியையும் சேர்த்துப் போடாமல் தனித்தனியாகப் போடலாம் என்றார். ஊர் அதைத்தான் கேட்டது.

அறிமுகத்தை முதல் வாசிப்பில் தாண்டிப் போங்கள், என் சக விரிவுரையாளர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மேற்கோள் பட்டியல் அடுத்து என்ன படிக்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். ஆனால் இப்போது வரும் கட்டுரைகளின் கடைசியில் பொடி எழுத்தில் பணம் தந்தது யார், ஆசிரியருக்குச் சொந்த ஆதாயம் உண்டா என்று இருக்கும். அதை விடாதீர்கள். தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்த தரப்பின் வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் போயிருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இதையெல்லாம் அக்காவுக்கு 7 நிமிடக் குரல்பதிவாக அனுப்பினேன். “பன்னிரண்டே பேரா?” என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த வாரம் பேரனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டார்.