ஒருவர் மாலைவரை சாப்பிடமாட்டார், இன்னொருவர் மாலைக்குப் பிறகு சாப்பிடமாட்டார்: மதங்களும் நோன்பும்

(திரையில்: சூரியன் மறையும் நேரம். மேசையில் பேரீச்சம்பழத் தட்டு, தண்ணீர், கஞ்சிக் கிண்ணங்கள்.)

ரமலான் மாதத்தில் ஊர்தோறும் சமய நல்லிணக்க நோன்பு திறப்பு நடக்கிறது. எல்லா மதத்தவரையும் அழைக்கிறோம், நல்ல விஷயம். ஆனால் அழைத்தவர்களில் ஒரு சமணர் இருந்தால்? முஸ்லிம் நண்பர் சூரியன் மறையும்வரை வாயில் தண்ணீர்கூட வைக்கமாட்டார். சமணர் சூரியன் மறைந்த பிறகு வைக்கமாட்டார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் ஒரே நேரத்தில் சாப்பிடவே முடியாது.

'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று மேடையில் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் தீராது. அடுத்தவரின் கட்டுப்பாடு என்ன, அதன் காரணம் என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டால்தான் தீரும். இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

(திரையில்: 24 மணி நேரக் கடிகாரம். ஒவ்வொரு மதமாக, உண்ணாத நேரம் நிறம் மாறுகிறது.)

முதலில் இஸ்லாம். ஃபஜ்ர் எனும் வைகறைத் தொழுகையின் நேரம் தொடங்கியதிலிருந்து சூரியன் மறையும்வரை உணவு, தண்ணீர், தாம்பத்தியம் எதுவும் இல்லை. ரமலான் 29 அல்லது 30 நாள். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட 10, 11 நாள் குறைவு என்பதால் ஆண்டுதோறும் அவ்வளவு நாள் முன்னால் நகரும். நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்குச் சலுகை உண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைக்கக் கூடாது, விட்டதைப் பிறகு கழா செய்ய வேண்டும், அதாவது வேறு நாட்களில் நோன்பு வைத்து ஈடுசெய்ய வேண்டும். அதனால் ஒரு பெண்ணிடம் 'இன்றைக்கு நோன்பு இல்லையா?' என்று கேட்கவே கேட்காதீர்கள். நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இதுதான்.

கிறிஸ்தவத்தில் தவக்காலம். அது தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாற்பது நாளின் நினைவு அது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி இரண்டு நாள்தான் கட்டாயம்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அன்று ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. தவக்கால வெள்ளிகளில் இறைச்சியைத் தவிர்ப்பது சுத்தபோசனம், மீன் சாப்பிடலாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இதைவிடக் கடுமை. அங்கே பெருநோன்பு 55 நாள், பால் முட்டைகூடக் கிடையாது.

யூதர்களுக்கு யோம் கிப்பூர். சுமார் 25 மணி நேரம் தண்ணீரும் இல்லை, தோல் செருப்பும் இல்லை. பாவ மன்னிப்புக்கான நாள்.

இந்து மரபில் ஏகாதசி. பதினோராம் திதி, மாதத்துக்கு இரண்டு முறை. சிலர் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள், பலர் பால், பழம் எடுத்துக்கொள்வார்கள். அரிசி மட்டும் கூடாது என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். மறுநாள் துவாதசியில் பாரணை, அதாவது விரதத்தை முடிக்கும் சாப்பாடு.

பௌத்தத் துறவிகள் நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை உண்பதில்லை. இலங்கையில் பௌர்ணமி விடுமுறை நாளில் எட்டுச் சீலம் எனும் எட்டு ஒழுக்க விதிகளை ஏற்கும் இல்லறத்தாருக்கும் இதே விதி. வடிகட்டிய பழரசம் குடிக்கலாம்.

சமணர் இரவில் உண்ணாததற்குக் காரணம் அகிம்சை. இருட்டில் விளக்கைத் தேடியும் உணவைத் தேடியும் வரும் சிற்றுயிர்கள் சாகும். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. உபவாச நாளில் காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும், அதுவும் பகலில்தான்.

சீக்கியம் மட்டும் தனி. நோன்பினால் புண்ணியம் என்பதை சீக்கிய குருமார்கள் ஏற்கவில்லை. அவர்கள் தந்தது லங்கர். யார் வந்தாலும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சைவச் சாப்பாடு.

எல்லோரும் 'பசியை உணர்வதற்காக' நோன்பிருக்கிறார்கள் என்று சொல்வது சுலபம், ஆனால் அது சரியில்லை. குர்ஆன் சொல்லும் நோக்கம் இறையச்சம். சமணத்தில் ஒட்டிய வினையை உதிர்ப்பது. தவக்காலத்தில் மனந்திரும்புதல். இந்த வேறுபாடுகளை மழுப்பாமல் பேசினால் உரையாடல் சூடுபிடிக்கும், மழுப்பினால் ஐந்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும்.

(திரையில்: நாள்காட்டி. பிப்ரவரி, மார்ச் 2026.)

இப்போது நடைமுறை. முதலில் தேதி. 2026-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. ரமலானும் அதை ஒட்டியே தொடங்கியது. இப்படி இரண்டும் சேர்ந்து வரும் ஆண்டில் வெள்ளிக்கிழமை வேண்டாம். கத்தோலிக்கருக்குச் சுத்தபோசனம், மாலையில் சிலுவைப்பாதை வழிபாடும் இருக்கும். பஞ்சாங்கம் பார்த்து ஏகாதசியைத் தவிர்த்துவிடுங்கள். ரமலானின் கடைசிப் பத்து நாளும் வேண்டாம், இரவு வணக்கத்தில் மூழ்கியிருப்பார்கள்.

அடுத்தது நேரம். பெரும்பாலான நிகழ்ச்சிகள் இங்கேதான் சொதப்புகின்றன. சென்னையில் அந்த நாட்களில் சூரியன் மறைவது 6.15-ஐ ஒட்டி. நிகழ்ச்சியை ஆறு மணிக்கு வைத்து, நான்கு பேரைப் பேசவிட்டால், பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்ன பிறகும் மைக் ஓடிக்கொண்டிருக்கும். பதின்மூன்று மணி நேரம் தண்ணீரில்லாமல் இருந்தவர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறப்புரை கேட்க வேண்டியதாகிறது. இது விருந்தோம்பல் ஆகாது.

ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள். பேச்சு, கேள்வி எல்லாம் ஆறு மணிக்குள் முடியட்டும். சமண விருந்தினருக்கு 5.15-க்கே பரிமாறுங்கள். கிழங்கு, வெங்காயம், பூண்டு இல்லாத உணவு, காய்ச்சி ஆறிய தண்ணீர். நோன்பு இல்லாத ஒருவர் அவரோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், தனியே விட வேண்டாம். நோன்பாளிகள் எதிரில் சாப்பிடுவதா என்று அவர் தயங்குவார். அதில் தவறில்லை என்று வீட்டுக்காரரே முந்திச் சொல்லிவிட வேண்டும்.

பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. பிறகு மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். மற்றவர்கள் அமைதியாகக் காத்திருக்கலாம். சாப்பாடு அதன் பிறகுதான்.

(திரையில்: பெரிய அடுப்பு, இரண்டு பாத்திரங்கள்.)

கஞ்சி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு கிலோ பச்சரிசி நொய், கால் கிலோ பாசிப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம், எட்டு முதல் பத்து லிட்டர் தண்ணீர். 25 பேருக்குத் தாராளம். கொத்துக்கறியைத் தொடக்கத்திலேயே தாளித்துப் போட்டுவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அரிசியும் பருப்பும் வெந்ததும் பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கறி, இஞ்சி பூண்டு தாளிப்பு ஒன்றில் மட்டும் சேரட்டும். தேங்காய்ப்பால் இரண்டிலும் ஊற்றலாம். கரண்டி தனித்தனி. சைவக் கஞ்சியில் கறிக்கரண்டி ஒருமுறை விழுந்தால் அந்தப் பாத்திரம் முழுவதும் சைவம் உண்பவருக்கு ஆகாது. பாத்திரத்தின்மேல் சீட்டு ஒட்டுங்கள், யாரும் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியிராது.

பேச்சில் ஒரே ஒரு ஒழுங்கு போதும். 'உங்கள் மதம் என்ன சொல்கிறது?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மொத்த மதத்துக்கும் வக்கீலாகிவிடுவார். 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று கேளுங்கள். அவரவர் வேதத்திலிருந்து ஒரு சிறு பகுதியையும் வாசிக்கலாம். குர்ஆனின் 2:183 (இரண்டாம் அத்தியாயம், 183-ஆம் வசனம்) 'உங்களுக்கு முன்னிருந்தோருக்கு விதிக்கப்பட்டதுபோல' என்று முந்தைய சமூகங்களை நினைவூட்டுகிறது. பைபிளில் ஏசாயா நூலின் 58-ஆம் அதிகாரம், பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே கடவுளுக்கு உகந்த நோன்பு என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, பெருநாளுக்கு முன் தலைக்கு ஓர் அளவு தானியம் ஏழைக்குக் கொடுக்கும் ஃபித்ரா பற்றிக் கேளுங்கள். யாருடைய நோன்பு கடினம் என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரை 'ஒருநாள் இருந்துதான் பாருங்களேன்' என்று தூண்டவும் கூடாது.

பதிலுக்கு அழைக்க வேண்டாமா? அதற்குத் துவாதசிக் காலை பொருத்தமாக இருக்கும். ரமலானுக்கு வெளியே வரும் ஒரு துவாதசியாகப் பாருங்கள். பாரணை இலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இருக்கும், வெங்காயம் பூண்டு இருக்காது. சமணர்களில் பலர் சூரியன் உதித்து 48 நிமிடம் கழித்தே வாய் திறப்பார்கள், சீலம் எடுத்த பௌத்தர் நண்பகலுக்குள் முடிக்க வேண்டும். எட்டு மணிக்கு இலை போட்டால் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காரலாம். சில துவாதசித் திதி விடிந்த சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும், அன்று பாரணையை எட்டு மணிவரை தள்ள முடியாது. பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரத்தைப் பார்த்துவிட்டு அழைப்பை அனுப்புங்கள்.